பூநகரிப் பாதையில் ஒரு கேன் தண்ணீர்

வேனின் முன்சீட்டைத் தூக்கியதும் அடியில் இருந்த எஞ்சினிலிருந்து குப்பென்று ஆவி எழுந்தது. ரவியண்ணன் துள்ளிப் பின்னால் நகர்ந்தார். பாதையின் இரு பக்கமும் முட்பற்றை. அதற்கு அப்பால் காய்ந்து வெடித்த சேற்றுத் தரை. அதற்கும் அப்பால், கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெள்ளைக் கோடாகக் கடல்.

மாமா இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினேன். அம்மா மட்டும் இறங்கவில்லை. பின்சீட்டில், ஐந்து லீட்டர் கேன் ஒன்றை மடியில் கட்டிப்பிடித்தபடி இருந்தார். கேனின் வாயில் பொலித்தீன் பையைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில், கடைப் பையோடு, மாமா வாங்கிய கோடிச் சேலை.

"தண்ணி," என்றார் ரவியண்ணன். "தண்ணி ஊத்தாம இது நகராது."

நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம், பற்றையைப் பார்த்தோம், பாதையைப் பார்த்தோம். அம்மாவின் மடியை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். அப்போதே இரண்டு ஆகியிருந்தது.

ஒழுகும் வேன்

ரவியண்ணனையும் அவருடைய பள்ளிக்கூட வேனையும் இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கரப்பத்தனையிலிருந்து காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இறங்கும் வேன். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகும் நானும் அதில்தான் தொற்றிக்கொள்வேன். அந்த வேனுக்கு ஒரு வியாதி உண்டு. ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் சின்ன ஒழுக்கு.

"ஏன் அண்ணே, இத மாத்திட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாத்தி? பாப்பா, இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்?"

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கத்துப் பாதைகளில் பத்து வளைவு போனால் ஒரு பீலி இருக்கும். மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும் இடம்தான் பீலி. லயம் என்கிற தோட்டத்து வரிசைவீட்டுக்காரர்கள் குளிப்பதும் துவைப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். ரவியண்ணன் போகிறபோது ஒரு பீலியில் நிறுத்துவார், வருகிறபோது இன்னொன்றில் நிறுத்துவார். வேனின் பின்னால் ஒரு காலிக் கேன் உருண்டுகொண்டே கிடக்கும். நிறைத்து வைத்துக்கொள்ள மாட்டார். மேட்டில் ஏறுகிற வண்டியில் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறவன் பைத்தியக்காரன் என்பது எங்கள் ஊர் ஓட்டுநர்களின் பொது அபிப்பிராயம்.

அந்தக் காலிக் கேன்தான் எங்களோடு மன்னாருக்கும் வந்தது. நாங்கள் நாலு ரொட்டிப் பொட்டலம், இரண்டு கம்பளி, ஆளுக்கொரு ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் எடுக்கவில்லை. வழியில் இல்லாமலா போகும்?

ஒரு கேன் மட்டும் நிறைந்திருந்தது

இல்லை, ஒரு கேன் தண்ணீர் எடுத்தோம். ஆனால் அது குடிக்க இல்லை.

செய்தி வந்த மாலையில் அம்மா அழவில்லை. கொழுந்து மலையிலிருந்து வந்தவர் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கேனைக் கழுவ ஆரம்பித்தார். மூன்று முறை கழுவினார். பிறகு டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கின் பீலிக்குப் போனார். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பீலி இருக்கிறது. ஆனால் அம்மாவும் பெரியம்மாவும் மாமாவும் பிறந்த பழைய லயம் மேல் கணக்கில்தான் இருந்தது. இப்போது அங்கே லயம் இல்லை. பீலி மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்த ஒரு மாஸ்டர், கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் போனார். அந்தப் பெண்தான் என் பெரியம்மா. நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முந்திய கதை. இரண்டு பக்கமும் கொதித்தார்களாம். எங்கள் பக்கம் சீக்கிரம் ஆறிவிட்டது. அங்கே ஆறவில்லை. பெரியப்பாவின் அக்கா ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாமி என்போம். ஏதாவது விசேஷம் வந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொல்லுவாராம், "பிறந்த வீடு எண்டு ஒண்டு இருந்தால் ஆரும் வந்து எட்டிப் பாத்திருப்பினமே."

எப்படி எட்டிப் பார்ப்பது? இடையில் சண்டை இருந்தது. பாதை பூட்டியிருந்தது. பாதை திறந்த பிறகு பயணச் செலவு இருந்தது, கொழுந்துக் காலம் இருந்தது. அம்மா இரண்டு தடவை போயிருக்கிறார். மாமா ஒரு தடவையும் போகவில்லை.

பிள்ளைகள் இல்லாத பெரியம்மா, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் பஸ் ஏறி எங்களிடம் வருவார். வந்ததும் முதல் வேலை, பீலிக்குப் போய்க் கையால் ஏந்திக் குடிப்பது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். "அந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டா தேத்தண்ணி மாதிரியே இல்லடி," என்பார். நம் வீட்டுத் தேயிலையைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தும் சரிவரவில்லையாம். போகும்போது போத்தல் போத்தலாகப் பீலித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்.

கடைசித் தடவை வந்தபோது, பீலியடியில் முகம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நான் அங்க போய்ச் சேந்துட்டா, குளிப்பாட்ட இந்தத் தண்ணி கொண்டா. அந்தக் கெணத்துத் தண்ணி வேணாம்."

"வாயக் கழுவு மொதல்ல," என்றார் அம்மா.

"அதத்தான கழுவுறேன்," என்றார் பெரியம்மா.

தம்பி இல்லாமல் நடக்காது

நேரே போயிருந்தால் வவுனியா, கிளிநொச்சி வழியாக எப்போதோ யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் மாமாவை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மாமா மேசன். தலைமன்னார்ப் பக்கம் ஒரு வீடு கட்டும் வேலையில் இருந்தார். ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி போக வேண்டும். கூடப் பிறந்த ஆண் கையால் அந்தப் புதுச்சேலையைப் போட்ட பிறகுதான் உடம்பை எடுப்பது. பெரியம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி.

ஆகவே மன்னார்ப் பாலத்துக்கு இக்கரையில், தள்ளாடிச் சந்தியில் காத்திருந்தோம். காலை பத்துக்கு வருவதாகச் சொன்ன மாமா வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை.

அங்கேதான் நான் பூநாரைகளைப் பார்த்தேன். ஆழமில்லாத தண்ணீரில், யாரோ இளஞ்சிவப்புப் பென்சிலால் கிறுக்கி வைத்ததைப் போல ஒரு கூட்டம். படத்தில் காட்டிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. நெஞ்சு துள்ளியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. சாவுக்குப் போகிற வழியில் இது என்ன சந்தோஷம்? சால்வைக்குள் போனை மறைத்து ஒரு படம் எடுத்தேன்.

"ஏன் ஒளிச்சு எடுக்கற?" என்றார் அம்மா. "நல்லா எடு. பெரியக்கா இருந்தா அவதான் மொதல்ல எறங்கி ஓடியிருப்பா."

மாமா வந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கறுப்புக் கரை போட்ட சேலையக் குடுத்துட்டான் கடைக்காரன். பஸ்ல ஏறிப் பிரிச்சுப் பாக்கறேன், கறுப்பு! புருசன் இருக்கிற பொம்பளைக்குக் கறுப்பு போடுறதா? எறங்கித் திரும்பிப் போயி மாத்திட்டு வர்றேன் சின்னக்கா."

"மொதல்லயே பாத்து வாங்கறதுக்கு என்ன?"

"கண்ணு தெரியல," என்றார் மாமா. அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது.

அந்த அவசரத்தில் ரவியண்ணன் ரேடியேட்டரைப் பார்க்கவில்லை. கடைசியாகத் தம்புள்ளையில் ஊற்றியதுதான்.

வளைவில்லாத பாதை

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் கரையோரப் பாதை, வரைபடத்தில் பார்த்தால் கடலைத் தொட்டுக்கொண்டு போகும். நேரில் அப்படி இல்லை. கடல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பற்றைக்குள் ஒளிந்துகொள்ளும், பிறகு உப்பு வாசனையை மட்டும் அனுப்பும். சண்டையில் தலை போன பனைகள் நிற்கும். நீண்ட தூரத்துக்கு ஒரு வீடும் இல்லை, ஒரு கடையும் இல்லை. வெயில் தாரில் தண்ணீர் மாதிரி மினுங்கும், கிட்டப் போனால் ஒன்றுமில்லை.

ரவியண்ணனுக்கு இந்தப் பாதை பிடிக்கவில்லை.

"என்ன ரோடு இது பாப்பா? கைக்கு வேலையே இல்ல. ஸ்டீயரிங்கப் புடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். தூக்கம் வருது."

"அண்ணே, தூங்கிராதீங்க!"

"அதான் ஹோர்ன் அடிச்சுக்கிட்டு வர்றேன்."

உண்மையாகவே அடித்துக்கொண்டுதான் வந்தார். ஊரில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன் அடித்துப் பழகிய கை. இங்கே வளைவு இல்லாததால் மதகுகளுக்கு அடித்தார், மாடுகளுக்கு அடித்தார், ஒன்றும் இல்லாத இடத்திலும் அடித்தார். அவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டு வருவது என் வேலை. பூநாரை ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இறால் தின்பதால் என்றேன்.

"அப்ப நாங்க ரொட்டி தின்னுட்டு ஏன் வெள்ளையா இல்ல?" என்றார்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு மாமா சிரித்தார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சூடான இரும்பும் ரப்பரும் சேர்ந்த வாசனை. எல்லோருக்கும் மூக்கில் ஏறியது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போயிருந்தது. ரவியண்ணனின் கால் பிரேக்குக்குப் போனது.

பிளாஸ்க்

ஆவி அடங்கும்வரை நின்றோம். காற்று அடித்தது, ஆனால் அது குளிரவைக்கிற காற்று இல்லை. யாரோ அடுப்பு வாயைத் திறந்து வைத்ததைப் போலிருந்தது. பின்னால் காலிக் கேன் காற்றுக்குக் கடகடத்தது. ரவியண்ணன் அதை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இவ்வளவு தூரம் ஒரு பீலிகூட இல்லாம ஒரு ரோடு இருக்குமா?" என்றார். "நான் நெனைக்கவே இல்ல அக்கா."

"நாங்களும்தான் நெனைக்கல தம்பி," என்றார் அம்மா.

வடக்கிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் மீன் பெட்டி கட்டியிருந்தது. கையை ஆட்டி நிறுத்தினேன்.

"அண்ணே, கிட்ட எங்கயாச்சும் தண்ணி கிடைக்குமா? எஞ்சினுக்கு."

அவர் வேனைப் பார்த்தார், எங்கள் ஸ்வெட்டர்க் குவியலைப் பார்த்தார். "மலைப் பக்கமோ?" என்றார். "உந்தப் பத்தைக்குள்ள கிணறு கிடக்குது தங்கச்சி. ஆனா உவர்த் தண்ணி. ஊத்தினா வண்டி நாசம். நல்ல தண்ணி எண்டா வெள்ளாங்குளத்திலதான். ஏழெட்டுக் கட்டை வரும். நான் மறுபக்கம் போறன், மீன் பழுதாப் போயிடும். குறை நினைக்காதேங்கோ."

ஏழெட்டுக் கட்டை என்றால் ஏழெட்டு மைல். அந்தப் பக்கம் போகிற வேறு வாகனம் ஒன்றும் கண்ணுக்கு எட்டியவரை இல்லை.

அப்போது என் போன் அடித்தது. ஒற்றைக் கோடு சிக்னல். பெரியப்பா.

"பிள்ளை, எங்க நிக்கிறியள்?"

"இலுப்பைக்கடவை தாண்டிட்டோம் பெரியப்பா."

"நாலு மணிக்கு எடுக்கவேணும் எண்டு நிக்கினம். சுடலையில அடுத்த ஆக்களுக்கும் நேரம் குடுத்திருக்காம். நான் சொல்லிப்போட்டன், அவவின்ர தம்பி வந்து கோடி போடாமல் எடுக்கேலாது எண்டு. எண்டாலும் எவ்வளவு நேரம் நான் ஒருத்தன் பிடிச்சு வைக்கிறது, பிள்ளை? கெதியா வாங்கோ."

வந்துவிடுவோம் என்றேன். வேனைப் பற்றிச் சொல்ல வாயே வரவில்லை. லைன் அறுந்தது. பெரியப்பா சொன்னதை மற்றவர்களுக்குச் சொன்னேன்.

மாமா எழுந்து பாதையில் நடக்க ஆரம்பித்தார். சும்மா, வெறுமையாக, யாழ்ப்பாணத்துத் திசையில்.

"எங்கடா போற?" என்று அம்மா கத்தினார்.

"நடந்தே போறேன்."

"நடந்து நாலு மணிக்குள்ள போயிருவியா? வா இங்க."

மாமா திரும்பி வந்து, ஒரு கல்லைக் காலால் எத்தினார்.

ரவியண்ணன் மூடியைத் துணியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றினார். உள்ளே அடியில்கூடத் தண்ணீர் தெரியவில்லை. "பிளாஸ்க்ல என்ன இருக்கு பாப்பா?"

"சாயம்."

"சீனி போட்டதா?"

இல்லை. எங்கள் வீட்டில் பால் சேர்க்காத தேநீரான சாயத்தைத் தனியாகக் குடித்துச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்குவதுதான் வழக்கம். ரவியண்ணன் பிளாஸ்க்கை வாங்கி, ஆறிப்போயிருந்த தேநீரை அப்படியே ரேடியேட்டருக்குள் கவிழ்த்தார். ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது. தேயிலை வாசனை அந்த வெட்டவெளி முழுக்கப் பரவியது.

"போதுமா?" என்றார் மாமா.

"தொண்ட நனையாது."

அம்மாவின் மடி

எனக்கு அவசரபுத்தி. எதையும் மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது.

"அம்மா, அந்தக் கேன்…" என்றேன்.

"வாய மூடு!" மாமா என் பக்கம் திரும்பிய வேகத்தில் நான் ஒரு அடி பின்வாங்கினேன். "அது பெரியக்காவக் குளிப்பாட்டக் கொண்டாந்தது. செத்தவளுக்குன்னு எடுத்தத எஞ்சினுக்கு ஊத்துவாங்களா? அவ கேட்டது அது ஒண்ணுதான். நாப்பது வருசமா அவ நம்மகிட்ட வேற என்ன கேட்டா?"

"மாமா, அப்ப கோடி?"

"ரவி, நீ ஓடு. வெள்ளாங்குளத்துக்கு ஓடு. நான் ஓடவா?"

"ஓடிப் போயிட்டுத் திரும்ப வர மூணு நாலு மணித்தியாலம் ஆகும் மச்சான்," என்றார் ரவியண்ணன் மெதுவாக. "அந்தத் தண்ணிய நான் தொட மாட்டேன். நீங்க பயப்படாதீங்க."

கேனின் மேல் அம்மா வைத்திருந்த கை, குழந்தையின் முதுகைத் தடவுவதைப் போல, மேலும் கீழும் போய் வந்தது. பிறகு கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினார். கால் மரத்துப் போயிருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளாடினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"தம்பி, யாழ்ப்பாணம் போக எவ்வளவு வேணும்?"

"அக்கா, நீங்க குடுக்கறதக் குடுங்க…"

"அதக் கேக்கல. போய்ச் சேர எவ்வளவு வேணும்?"

ரவியண்ணன் தரையைப் பார்த்தார். "வெள்ளாங்குளம் போயிட்டா அங்க நெறச்சுக்கலாம். ஆனா அதுவரைக்குமே… முழுக் கேனும் வேணும் அக்கா."

"சின்னக்கா!" என்றார் மாமா.

"ஏன்டா கத்தற? தண்ணி மட்டும் போயி அங்க என்ன செய்யும்? நாம போவணும். நீ போயிக் கோடியப் போடணும். கோடி இல்லாம எடுத்தாங்கன்னா, பொறந்த வீடே இல்லாதவன்னு அவங்க சொன்னது நெசமாயிரும். குளிப்பாட்டாம யாரையும் எடுக்க மாட்டாங்க. எந்தத் தண்ணியிலயாச்சும் குளிப்பாட்டுவாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மாமா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் பிளாஸ்க்கை எடுத்தார். அடியில் தேயிலைத் தூசு ஒட்டியிருந்தது. அலம்ப ஒரு வாய்த் தண்ணீரைச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே அதில் ஒரு டம்ளர் அளவு பிடித்து மூடினார். ரவியண்ணன் அதைப் பார்த்தார். எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு அம்மாவே ஊற்றினார். கேனை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மேல் கணக்குப் பீலித் தண்ணீர் குடகுடவென்று இறங்கி, எஞ்சினுக்குள் எங்கேயோ போய்ச் சீறியது.

மாமா திரும்பி வந்தார். தன் கழுத்துத் துண்டைக் கிழித்து, வேனின் அடியில் மல்லாந்து நுழைந்து, ஒழுகும் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். வெளியே வந்தபோது முகமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"எடு வண்டிய," என்றார்.

ஹீட்டர்

சூடான எஞ்சினை ஆற்ற ஒரு வழி இருக்கிறது. வேனின் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு உள்ளே வந்துவிடும். எஞ்சின் பிழைக்கும், உள்ளே இருக்கிறவர்கள் வேகுவார்கள்.

மார்கழியில் கை விறைக்கிறது என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் ரவியண்ணன் அந்த ஹீட்டரைப் போட்டதில்லை. பங்குனி வெயிலில், அந்தக் கரையோரப் பாதையில் போட்டார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஆமையாக ஊர்ந்தோம். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. எல்லோருடைய பார்வையும் அந்த முள்ளில். அது சிவப்புக் கோட்டைத் தொடும், நடுங்கும், கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏறும்.

ரவியண்ணன் ஹோர்ன் அடிக்கவில்லை. அவருக்கு இப்போது தூக்கம் வரவில்லை.

வெள்ளாங்குளத்தில் முதலில் கண்ட கடைக்கு முன்னால் வேன் நிற்பதற்குள் மாமா குதித்துவிட்டார். இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு ஓடினார், நிறைத்துக்கொண்டு ஓடி வந்தார். ரேடியேட்டருக்கு ஒன்று, வழிக்கு ஒன்று. கடைக்காரப் பெண் காசு வேண்டாம் என்று, எங்களுக்குக் குடிக்கவும் இரண்டு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். உடம்பை எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மா தொடவில்லை. நான் குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது.

முழங்காவில் ஊர் போனது. பூநகரி போனது. மணி மூன்றரை தாண்டியது. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. வேறொரு நாளாக இருந்தால் அங்கே நிறுத்தச் சொல்லி அடம்பிடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பாலம் நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரியப்பாவின் எண்ணுக்கு விடாமல் அடித்தேன். எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குள் நுழையும்போது நாலு அடித்துவிட்டது.

"எடுத்திருப்பாங்க," என்றார் மாமா.

"சும்மா இரு," என்றார் அம்மா.

மூடி

ஒழுங்கைக்குள் திரும்பியதும் பறைச் சத்தம் கேட்டது. வாசலில் சவ ஊர்தி, கதவு திறந்தபடி நின்றது. ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். கூட்டம் எங்களைப் பார்த்து விலகியது. மாமாவின் முகத்தில் எண்ணெய்க் கறுப்பு, அம்மாவின் சேலையெல்லாம் வியர்வை, ரவியண்ணனின் தலையில் இன்னமும் அந்தக் காது மூடும் தொப்பி. எங்களை என்னவென்று நினைத்தார்களோ.

உள்ளே, விறாந்தையில் பெட்டி திறந்தபடி இருந்தது. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பூ வைத்திருந்தார்கள். பெட்டியின் மூடியைப் பக்கத்தில் தரையில் கிடத்தியிருந்தார்கள். அதன் மேல் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை வேட்டி, வெற்று மார்பு, இரண்டு கையும் முழங்காலில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கிய அதே மாஸ்டர். எழும்பச் சொல்லிக் குருக்கள் கேட்டாராம், சொந்தக்காரர் கேட்டார்களாம், மாமி சத்தமும் போட்டுப் பார்த்தாராம். அரை மணியாக எழும்பவில்லையாம். மூடி இல்லாமல் பெட்டியை எப்படி எடுப்பது?

எங்களைக் கண்டதும் பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். "போடுங்கோ தம்பி," என்றார் மாமாவிடம்.

மாமா கடைப் பையைப் பிரித்தார். பிரித்த அவசரத்தில் சேலை தரையைத் தொடப் பார்த்தது. நான் ஒரு முனையைப் பிடித்தேன். மஞ்சளில் அரக்குக் கரை. கறுப்பு ஒரு நூல்கூட இல்லை. பெரியம்மாவின் தோளிலிருந்து கால்வரை விரித்துப் போட்டுவிட்டு, மாமா அவர் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். "பெரியக்கா, வர்றதுக்கு இம்புட்டு நாளாயிருச்சே."

அம்மா பிளாஸ்க்கைத் திறந்தார். அதன் மூடியில் ஊற்றினார். அடியில் கிடந்த தேயிலைத் தூசு ஊறித் தண்ணீர் வெளிறிய பொன்னிறமாகியிருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் நின்ற மாமி எட்டிப் பார்த்தார். "உதென்ன? தேத்தண்ணியே கொண்டு வந்திருக்கினம்? செத்த ஆளுக்கு?"

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. ஒழுக்கு, வெயில், கேன், பிளாஸ்க். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பெரியப்பா கையை நீட்டினார். அம்மா மூடியை அவரிடம் கொடுத்தார். அவர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பீலித் தண்ணி," என்றார் மாமியைப் பார்க்காமலே. "இவ்வளவு நாளும் இதுக்குத்தான் அந்தரப்பட்டவ. குடுங்கோ."

மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அம்மா குனிந்தார். பெரியம்மாவின் காதுக்குச் சொல்வதைப் போல, ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கொஞ்சந்தான்க்கா இருக்கு. வழியில வண்டிக்கும் தாகமாயிருச்சு."

உதட்டில் ஊற்றியது வாயோரமாக வழிந்து, கோடிச் சேலையின் கரையில் விழுந்து, அங்கே ஒரு சின்ன வட்டமாக ஊறியது. பெரியப்பா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பெட்டி மூடியை விட்டு எழுந்தார்.